மேடையா, அக்கவுன்ட்டா?

"மேடையா, அக்கவுன்ட்டா? சட்டுனு சொல்லுங்க மேடம்."

அய்யாவின் பி.ஏ. தணிகாசலம் அவள் காதருகே வந்து கேட்டார். காபியா, டீயா என்பதுபோல.

அவள் மேடையைப் பார்த்தாள்.

அங்கே அய்யா பேசிக்கொண்டிருந்தார். கல்விக்கடல் டாக்டர் மாசிலாமணி. நாலு கல்லூரி, ஒரு பாலிடெக்னிக், இரண்டு டாக்டர் பட்டம். பட்டம் இரண்டும் கூரியரில் வந்தவை.

இன்று அவருக்கு அறுபது. சுயசரிதையும் இன்றுதான் வெளியாகிறது. 'செங்கல்லும் நானும்.'

எழுதியது அவள்.

செங்கல் என்னவோ உண்மைதான். சுமந்தது வேறு ஆட்கள்.

"மேடைன்னா அய்யா வாயால பேரு. சால்வை, கேடயம், கையோட கவரு. அக்கவுன்ட்னா உங்க பணத்த நான் இப்பவே ஃபோன்ல போட்டுவிட்ருவேன். ஆனா பேரு வராது."

பேர்.

ஜவுளிக்கடைக்காரர், எண்ணெய் மில்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று எத்தனையோ பேருக்கு வாழ்க்கை எழுதிக் கொடுத்தவள் அவள். எல்லாரும் சின்ன வயதில் தெருவிளக்கில் படித்தார்கள். எல்லாரையும் தெருவிளக்கடியில் கொண்டுபோய் உட்காரவைத்தது அவள்தான்.

ஒரு புத்தகத்திலும் அவள் பேர் இல்லை. நன்றி சொல்லும் பக்கம்கூட அச்சகத்துக்காரரோடு முடிந்துவிடும்.

மைக்கில் தன் பேர் எப்படிக் கேட்கும்?

ஆசை வந்தது. பொய் சொல்வானேன்.

கையில் ஃபோன் அதிர்ந்தது. வீட்டுக்காரம்மா.

வருஷக்கணக்காக விடுதி. மூன்று பேரோடு ஓர் அறை. இப்போதுதான் ஒரு மாடி வீடு அமைந்திருக்கிறது. தனிச் சமையலறை. உள்ளேயிருந்து போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள். சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக அந்தம்மா காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

மேடைக் கவர் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அது ஃபோட்டோவுக்கான கவர். உள்ளே வாழ்த்து அட்டை இருக்கும். பணம், அப்புறம், ஆபீஸில்.

"அக்கவுன்ட்."

நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைத் தணிகாசலத்தின் கையில் திணித்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையேறினார். அய்யாவின் காதில் சொன்னார்.

அய்யா அவள் பக்கம் திரும்பினார். சிரித்தார். பெரிதாகத் தலையாட்டினார்.

அவள் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். பணம் வந்ததாக மெசேஜ் எதுவும் இல்லை.

அய்யா புத்தகத்தைப் பிரித்தார். படித்தார்.

முதல் கல்லூரியைக் கட்டிய கொத்தனார் சவரிமுத்து வரும் இடம்.

"'சால்வை அணிவித்தேன். கூலியை நீட்டினேன். அவர் கண்கள் பனித்தன. இந்த மரியாதை போதும் முதலாளி என்று கைகூப்பினார்.'"

கைத்தட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

புத்தகத்துக்காக அவள் எடுத்த பேட்டியில் அய்யா சொன்னது வேறு.

"மேடையேத்திச் சால்வையப் போட்டுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூலி கேப்பான்?"

சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சவரிமுத்துவின் கண்களைப் பனிக்க வைத்தது அவள். நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்குத் தனக்குத் தானே ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டதும் அவள்தான்.

"இந்நூலுக்கு உறுதுணையாக இருந்த அன்புச் சகோதரி கனகவல்லி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

பேர் வந்துவிட்டது.

ஸ்பீக்கர் கரகரத்ததில் பாதிதான் கேட்டது.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எழுந்திருக்காமல் இருக்க முடியாது. ஏறினாள். கடைசிப் படியில் கால் லேசாக இடறியது.

மேடை ஓரத்தில் தணிகாசலம். அவர் சட்டைப் பைக்கு வெளியே அவள் சீட்டின் ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்ட இடத்திலேயே இருந்தது.

அய்யா சால்வையை உதறி விரித்தார். மஞ்சள் பட்டு, அகல ஜரிகை. இரண்டு கையாலும் தூக்கினார்.

அய்யா குள்ளம். 'நெடிதுயர்ந்த ஆளுமை' என்று மூன்றாம் அத்தியாயத்தில் அவள்தான் எழுதியிருந்தாள்.

மேடையில் இதுவரை அது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் உண்டு. சால்வை வாங்குகிறவர்கள் குனிவார்கள். சவரிமுத்துவும் குனிந்திருப்பார்.

அவள் குனியவில்லை.

தலையைத் தாண்டி முதுகுக்குப் போக வேண்டிய சால்வை, மூக்குக்கு நேரே வந்து நின்றது.

அய்யா குதிகாலைத் தூக்கினார். எட்டவில்லை. இன்னும் எக்கினார். வேட்டி நெகிழ்ந்தது. அதைப் பிடிக்கக் கை இல்லை.

"மேடம், கொஞ்சம் குனிங்க!"

ஃபோட்டோக்காரர்.

கைத்தட்டல் தொடங்கி, பாதியில் தயங்கி, நின்றது. பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

அவள் அய்யாவைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள்.

தணிகாசலம் அய்யாவைப் பார்த்தார்.

அய்யாவின் முகத்தில் ஃபோட்டோவுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. கைகள்தான் சால்வையோடு மெல்ல இறங்கத் தொடங்கின.

"மேடம்..."

அய்யாவின் கண் ஒருமுறை சட்டைப் பை பக்கம் போய் வந்தது.

தணிகாசலம் சீட்டை எடுத்தார். ஃபோனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார்.

அவள் நிமிர்ந்தே நின்றாள். உள்ளங்கையில் அவளுடைய ஃபோன்.

அது அதிர வேண்டும் என்று மேடையில் இப்போது இரண்டு பேர் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.