சங்குப் பெட்டியின் கடிகாரம்

எடமலைப்பட்டி புதூரில் ஒரு தையல் கம்பெனி. வேலை முடியும் நேரத்தில் சங்கு ஊதும் பெட்டியைத் திறந்து பார்த்தாள் சர்வீஸ் இன்ஜினியர் யமுனா. அது லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்.

"ஹார்டுவேர் கடிகாரம் இல்லைன்னு காட்டுது சார். போர்டுல நேரத்தை வச்சிருக்குற அந்த சிப்பே காணோம்."

"இந்த ரூமைப் பெருக்குறது பாப்பாயிதான். அவதான் எடுத்திருப்பா. இன்னையோட அவளை நிறுத்துறேன்!" என்று கத்தினார் மேனேஜர் கலையரசன்.

வாசலில் நின்ற பாப்பாயி, "நான் தொடவே இல்லீங்க" என்றாள், தலை குனியாமல்.

"சங்கு இப்ப தப்பா ஊதுதா சார்?" என்று யமுனா கேட்டாள்.

"இல்ல. இன்டர்நெட்ல நேரம் எடுத்து டாண்ணு ஊதுது."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"நான் நேரத்தை மாத்தி வச்சா நிக்க மாட்டேங்குது. உடனே பழையபடி ஆயிடுது."

"சரியான நேரத்தை எதுக்கு சார் மாத்துறீங்க?"

கலையரசன் பெட்டியின் மூடியைச் சாத்தப் போனார்.

யமுனா தன் கைப்பையிலிருந்து அந்தக் கடிகாரச் சிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"போன சர்வீஸ்ல நான்தான் இதைக் கழட்டிட்டு, இன்டர்நெட்ல நேரம் எடுக்குற மாதிரி வச்சேன். தினமும் சாயங்காலம் இதைப் பின்னாடி தள்ளி வச்சுத்தானே இந்தப் பொண்ணுங்களைக் கூலி இல்லாம கூடுதலா தைக்க வச்சீங்க?"

"உன் கம்பெனிக்குப் புகார் அனுப்புறேன் பாரு!"

சங்கு ஊதியது. மெஷின்கள் நின்றன. பெண்கள் டிபன் பாக்ஸோடு எழுந்தார்கள்.

"தாராளமா அனுப்புங்க சார். என்னன்னு எழுதுவீங்க? சங்கு சரியான நேரத்துக்கு ஊதுதுன்னா?"