வீடியோ பார்த்து ஜெயித்தவள்

கேம் இயந்திரம் "வெற்றி! வெற்றி!" என்று முழங்கியதும் ஜோதிகா துள்ளிக் குதித்தாள். பக்கத்தில் நின்ற சபீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். லீவு நாளென்றால் வானகரத்தில் இருக்கும் கேம் சென்டருக்கு வந்துவிடுவார்கள். கடைசிக் கட்டத்து அரக்கனை யார் தயவும் இல்லாமல் வீழ்த்திக் காட்டுகிறேன் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவள் சபீனா. ஜோதிகாவோ ஓரமாக உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் முதல்முறையாக அரக்கனோடு மோதினாள். ஜெயித்தும் விட்டாள்.

"வீடியோ பாத்துதானே ஜெயிச்ச?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"வெக்கமா இல்லியா உனக்கு? எவனோ கண்டுபுடிச்சி சொல்லிக் குடுத்தத அப்டியே ஆடிட்டு குதிக்கிறியே! இனிமே எங்கூட வராத, போ!"

"சொல்றத கேளுடி..."

"இன்னாத்த கேக்குறது? எவன்டி அந்த வீடியோ போட்டவன்? குடு இங்க!"

சபீனா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வீடியோவில் ஆடிக்கொண்டிருந்தது அவளேதான். அவளுடைய வீரன் பள்ளத்தில் விழுந்தான், நெருப்பில் கருகினான், அரக்கன் காலடியில் நசுங்கினான். ஒவ்வொரு தடவையும் அவள் இயந்திரத்தை ஓங்கிக் குத்தினாள்.

"உன் பின்னால நின்னுகினு நான்தான் எடுத்தேன்" என்றாள் ஜோதிகா. "நீ எங்கெங்க செத்தியோ, அங்கெல்லாம் நான் போகல. அவ்ளோதான்."