நாற்பதாவது மோட்டார்

கருவேலங்குளம் ஊராட்சியின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதும், தலைவர் செண்பகவல்லி முறைப்படி மாவட்டத்தின் கூட்டுக் கொள்முதல் இயந்திரத்திடம் சொன்னாள். அது கனிவாகவே பேசியது.

"நாற்பது ஊராட்சிகளுக்குத் தேவைப்பட்டால்தான் எதையும் வாங்குவோம். உங்களுடையதையும் சேர்த்து முப்பத்தொன்பது மோட்டார்கள் எரிந்துவிட்டன. இன்னும் ஒன்றுதான். மனம் தளர வேண்டாம்."

ஊரே காலிக்குடத்தோடு வாசலில் நிற்கும்போது தளர நேரமேது? அவளாகக் கடையில் வாங்கினால் பதவி போய்விடும். அதற்குப் பெயர் முறைகேடு. ஊர் தாகத்தில் கிடந்தால் அதற்குப் பெயர் சிக்கனம்.

பக்கத்து ஊராட்சித் தலைவர் அருளப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க மோட்டார் எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுதும்மா."

"சத்தம் கித்தம் எதுவும் வரலியா? கருகுன வாசம்?"

அருளப்பனும் தலைவர்தானே, புரிந்துவிட்டது.

"சரி, வை. தண்ணியில்லாம ஓட விட்டுப் பாக்கேன்."

நல்ல மனுஷன். மறுநாளே எரித்துவிட்டார். அந்த வாரமே நாற்பது ஊருக்கும் புது மோட்டார் வந்து இறங்கியது. சிக்கனத்துக்காக மாவட்டத்துக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

கருவேலங்குளத்துக் குழாய்களில் தண்ணீர் வந்த அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் அருளப்பன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எங்க ஊர்ல தெருவிளக்கு பூரா போச்சு. இன்னும் ஒரு ஊருதான் சேரணுமாம். ஒங்க ஊர்ல எப்படி, நல்லா எரியுதா?"

செண்பகவல்லி வாசலுக்கு வந்து பார்த்தாள். தெரு பளிச்சென்று இருந்தது.

"இப்ப வரைக்கும் எரியுது அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே, கைக்கு அடக்கமாக ஒரு கல்லைத் தேடினாள்.