இறகு முளைக்கட்டும்

"மெதுவா, மகள்! கதவைப் படார் எண்டு திறந்தா தாய்க்குருவி போயிரும்."

பின்முற்றத்தில் கமெராவும் கையுமாகக் குந்தியிருந்த பேர்னாட் அங்கிள் இப்படிச் சொன்னதும், ரொஷேல் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சொந்த வீட்டிலேயே பூனை நடை நடக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லாம் கத்தரிச்செடியால் வந்த வினை. பெயின்ட் வாளியில் மம்மி வளர்த்த செடியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, ஒரு தையல்காரக் குருவி உள்ளே கூடு கட்டியிருந்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் பேர்னாட், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. குருவியைப் படம் எடுக்கலாமா என்று ஒரு நாள் கேட்டு வந்தவர், பிறகு ஒரு காலையும் தவறவிடவில்லை.

அம்மாவை மெல்பேர்னுக்குக் கூட்டிப்போகத்தான் ரொஷேல் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தாள். டடி கண்மூடிய பிறகு மம்மி தனியாகக் கிடப்பது அவள் மனசைப் பிசைந்தது. விசாவும் கிடைத்துவிட்டது. டிக்கெட் போடுவோம் என்றால் மட்டும் மம்மி புளோறன்ஸ் அசைவதாக இல்லை.

"குஞ்சு பொரிக்கட்டும்" என்றாள் முதலில். பொரித்தது. "கண் முழிக்கட்டும்" என்றாள். இப்போது, "இறகு முளைக்கட்டுமே, பிள்ளை. நான் போயிட்டா காகத்தை ஆர் கலைக்கிறது?"

"என்ட லீவு முடியப்போகுது, மம்மி!"

"அதுக்கு நான் என்ன செய்ய? குஞ்சுகளுக்குச் சொல்லு."

சொல்லிவிட்டு, பேர்னாட்டுக்குச் சாப்பிடச் சீனிச் சம்பல் பணிசும் குடிக்கப் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கமெராத் திரையில் இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். தாய்க்குருவி ஒரு பச்சைப் புழுவைக் குஞ்சின் தொண்டைக்குள் திணிக்கும் படம். "ஐயோ, பாருங்களேன், வாய் மட்டும்தான் இருக்கு!" என்று மம்மி சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்!

ஆனால் ரொஷேல் எட்டிப் பார்க்க வந்தால் மட்டும் இருவரும் ஒரே குரலில், "கிட்டப் போகாதீங்க!"

ஞாயிற்றுக்கிழமை புளோறன்ஸ் பூசைக்குப் போன நேரம், ரொஷேலுக்குப் பொறுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இலையை மெல்ல விலக்கினாள். கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் தும்பு. குஞ்சுகள் இல்லை.

பூனை பிடித்ததோ? மம்மி தாங்குவாளா? கண் கலங்கி நிமிர்ந்தபோது பேர்னாட் பின்வாசலில் நின்றார்.

"அங்கிள்... குஞ்சுகளைக் காணேல்லை."

அவர் திடுக்கிடவில்லை. செடிப் பக்கம் பார்க்காமலே கமெராவைத் தட்டி ஒரு படத்தைக் காட்டினார். உடுப்புக் காயப்போடும் கயிற்றில் மூன்று குஞ்சுகள், வாலில்லாத பஞ்சு உருண்டைகளாக, ஒட்டிக்கொண்டு.

"போன கிழமையே பறந்திட்டுது, மகள். நான் கண்ணால கண்டனான்."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்தைப் படம் எடுத்தனீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். "மம்மிக்குச் சொல்லிராதீங்க. குஞ்சுகளுக்காகத்தானே என்னை உள்ளுக்கு விடுறாங்க."

ரொஷேலுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் டிக்கெட் என்னாவது? பூசை முடிந்து வந்த அம்மாவை நேரே அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"மம்மி, ஒரு விஷயம். அந்தக் குஞ்சுகள்..."

புளோறன்ஸ் சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். முற்றத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்:

"நீயும் பாத்திட்டியா? மெல்லக் கதை! பறந்து போனது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா, பிறகு ஏன் இஞ்ச வரப்போறார்?"