றெஜி பிடித்த கயிறு

“றெஜி அண்ணை கயிறு பிடிச்சால் நான் இனி றேஸ் ஓடமாட்டன். ஒண்டில் அவர், இல்லாட்டி நான்.”

கஜீவன் இப்படி ஒரேயடியாகச் சொன்னதும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கழகத் தலைவர் குகதாசன் தலையைச் சொறிந்தார்.

“அந்தாள் உனக்கு என்னடா செய்தது?”

“தொடங்கேக்கை என்னையே முறைச்சுப் பாக்கிறார். இத்தனை பேர் வரிசையிலை நிக்கிறம், மற்றவையை ஒருக்காலும் பாக்கிறேல்லை. பழிவாங்கிறார் அண்ணை.”

முறைக்கக் காரணமும் இருந்தது. போன வருசம் இதே புத்தூர் வயலில், முதல் வளைவில், கஜீவனின் மோட்டார் சைக்கிள் உரசித்தான் றெஜி விழுந்தார். பின்னால் வந்தவை அவர் காலில் ஏறின. அன்றோடு அவருடைய ஓட்டம் முடிந்தது. இப்போது ஊன்றுகோலோடு வந்து, வரிசைக்கு முன்னால் இழுத்துக் கட்டும் ரப்பர்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கையை விட்டால் கயிறு பறக்கும், எல்லோரும் பாய்வார்கள்.

கஜீவனுக்கு அன்று ஒரு கீறல்கூட இல்லை. பயம் மட்டும் உள்ளே போய்க் குந்திக்கொண்டது. வரிசையில் நின்றாலே தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறும். கிளச்சைப் பிடித்த விரல் விறைக்கும். ஓடுவதையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தான். பிறகு எப்படியோ மெல்ல மெல்லத் தேறி, போன மாதம் முதல் வளைவுக்கு மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தான். தன் துணிச்சலை நினைத்து அவனுக்கே பெருமை பிடிபடவில்லை. அந்தப் பார்வை மட்டும் இல்லாவிட்டால் முதலாவதாகவே போயிருப்பானாம்.

குகதாசன் போய் விஷயத்தைச் சொன்னார். றெஜி கயிற்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

“புதுசாக் கயிறு பிடிக்கிறவரை அவசரப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“போகேக்கையும் ஒரு குத்தல்” என்று முணுமுணுத்தான் கஜீவன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. கயிற்றைப் பிடித்திருந்த புது ஆள் யாரையும் பார்க்கவில்லை. கஜீவனுக்கு அப்பாடா என்றிருந்தது. மூச்சை இழுத்தான். வழக்கம்போலத் தோள் ஏறியது. இதோ, இறங்கிவிடும்.

அதற்குள் கயிறு பறந்தது.

திடுக்கிட்டுக் கிளச்சை விட்டதில் என்ஜின் நின்றுபோனது. உதைத்து உதைத்துக் கிளப்பியபோது முன்னால் வெறும் புழுதி. கடைசியாகப் போய்க் கடைசியாகவே வந்தான். எல்லாம் பழையபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

“உவன் புது ஆள் கெதியா விட்டிட்டான்!” ஹெல்மெற்றை நிலத்தில் எறிந்தான்.

பக்கத்து இடத்தில் நின்று ஓடிய கனிசியஸ் கையுறையைக் கழற்றியபடி அவனைப் பாவமாகப் பார்த்தான்.

“இல்லையடா. உதுதான் சரியான நேரம்.”

“அப்ப இவ்வளவு நாளும்?”

“இவ்வளவு நாளும் பிந்தித்தான் விட்டது. எங்கடை என்ஜினெல்லாம் சூடேறி மணக்கும். எண்டாலும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.”

“ஏன்?”

“உன்ரை தோள் கீழை இறங்கிற மட்டும், றெஜி அண்ணை உன்னைப் பாத்துப் பாத்துக் கயித்தைப் பிடிச்சு வைச்சிருந்தவரடா.”