சிவப்பா, வெள்ளையா

கத்தியைத் தங்கபாண்டியிடம் நீட்டிக்கொண்டே நாகஜோதி சொன்னாள்.

"உள்ள சிவப்பா இருந்தா நாளைக்கே உங்க அக்காவக் கூட்டிட்டு வந்து பேசுங்க. வெள்ளையா இருந்தா இந்தப் பேச்ச இத்தோட விட்ரணும்."

சின்னமனூரில் அவள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை காலை.

அப்போதுதான் செடியிலிருந்து பறித்த டிராகன் பழம் அவன் கையில் இருந்தது. வெளியே ரோஸ். உள்ளே எப்படி என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு செடி ஒரு நிறம்தான் காய்க்கும். இந்தச் செடிக்கு இதுதான் முதல் காய்ப்பு; அது எந்த நிறம் என்பதுதான் இப்போது கேள்வி.

"நர்சரியில என்ன ரகம்னு சொன்னாக?"

"அவுகளுக்கே தெரியலையாம். ரெண்டும் கலந்து கெடந்துச்சாம்."

பழத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தான்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று சித்திரையில் கேட்டான். ஆடி வந்துவிட்டது. அவள் மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அவசரப்படுத்த அவனுக்கு மனசு வரவில்லை. ஒருமுறை வாழ்க்கைப்பட்டுப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள்.

சர்க்கரை பார்க்கப் போன இடத்தில்தான் பழக்கம். அவள் ஊசியை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவன்.

செடி தொட்டியில் சாய்ந்து கிடக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். மார்க்கையன்கோட்டைத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் பிரித்தபோது மிஞ்சிய கல்தூண் ஒன்றை மறுநாளே மூச்சு வாங்க மாடி ஏற்றினான். நீல டிரம்மில் அதை ஊன்றி, உச்சியில் பழைய பைக் டயரைக் கட்டி, முள் கீறக் கீறச் செடியைத் தூக்கிவிட்டான்.

சுருளி வேலப்பரை நினைத்துக்கொண்டு கத்தியை இறக்கினான்.

சிவப்பு.

பீட்ரூட்டைப் போல அப்படியொரு சிவப்பு. சாறு மணிக்கட்டில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஆளுக்குப் பாதி தின்றார்கள். அக்காவிடம் போனில் சொன்னால் போதும்தான். அவனுக்குப் போதவில்லை. சட்டைகூட மாற்றாமல் பைக்கை எடுத்தான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தாள். பிறகு கீழே இறங்கி பிரிட்ஜைத் திறந்தாள்.

ஒரு கிண்ணத்தில் பாதிப் பழம் இருந்தது. சுவர்ப் பக்கமாகக் காய்த்து, அவன் கண்ணில் படாமலே முன்னதாகப் பழுத்த பழம். வியாழக்கிழமை அவள் அறுத்துப் பார்த்தது.

அதுவும் பீட்ரூட் சிவப்பு.

ஸ்பூனால் சுரண்டி, நின்றபடியே தின்று முடித்தாள்.