மிஞ்சியிருந்த ஒரே வார்த்தை

"எப்படி இருக்கீங்க வினிஃப்ரட்? எங்களால ஏதாவது ஆகணுமா?" போதகர் குனிந்து கேட்டார்.

"ஒரு மயிரும் இல்ல" என்றாள் வினிஃப்ரட். கணீரென்று.

ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றிருந்தார்கள். அத்தனை தலையும் திரும்பியது. மகள் ஹேசலுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அந்த சர்ச்சில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்தவள் அம்மா. சின்ன வயதில் ஹேசல் 'சனியன்' என்று சொன்னதற்கே பட்டினி போட்டவள். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் ஒரு மாதிரி தேறிவிட்டது. பேச்சுதான் அடியோடு போய்விட்டது. போன வாரம் வாய் திறந்தாள் என்று சந்தோஷப்பட்டால், வந்தது இது. பசிக்கிறதா என்றாலும் இதுதான், குளிர்கிறதா என்றாலும் இதுதான்.

சபைச் செயலாளர் மார்ஜரி, ஹேசலை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காத. சின்னப் பிள்ளைங்க வர்ற இடம். கொஞ்ச நாள் வீட்டுலயே ஜெபம் பண்ணட்டுமே."

"அம்மா வேணும்னு சொல்லல, மார்ஜரி."

"அது சரி. ஆனா மனசுல இல்லாதது வாயில எப்படி வரும்?"

வாசலருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார் ட்ரெவர். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் நாராசம் என்று தெருவே சொல்லும். அம்மாவுக்குத் துணையாகக் காரில் வந்தவர் மெல்ல முன்னால் வந்தார்.

"அந்தம்மாவைக் குத்தம் சொல்லாதீங்க. தப்பு என்னுது. தெனம் காலையில கஞ்சி வச்சுக் கொடுக்கப் போறேன்ல, என் வாய் சும்மா இருக்காது. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிச்சு."

"நெனச்சேன்" என்றாள் மார்ஜரி. பிறகு வினிஃப்ரட்டின் தோளைத் தடவி, "பாவம்" என்றாள்.

ஹேசல் வெளியே வந்ததும் வெடித்தாள்.

"நம்பித்தானே அம்மா வீட்டுச் சாவியைக் கொடுத்தேன்? இதைத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா?"

ட்ரெவர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

மறுநாளிலிருந்து ஹேசலே தான் இருக்கும் லீட்ஸிலிருந்து அம்மா இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கு விடியற்காலையில் கார் ஓட்டி வந்தாள். கஞ்சி கட்டி தட்டியது. அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு மூன்று நாளும் தாமதம். எல்லாம் அந்த ஆளால் என்று பல்லைக் கடித்தாள்.

வியாழக்கிழமை, பேச்சுப் பயிற்சி தரும் நயோமி வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா முன்னாடியெல்லாம் இதை அடிக்கடி சொல்வாங்களா?"

"எங்கம்மாவா? பக்கத்து வீட்டு ஆள் கத்துக்கொடுத்தது."

நயோமி சிரித்தாள். "நாலு மாசமா நான் 'டீ'ங்கிற ஒரு சொல்லை அவங்க வாயில ஏத்தப் பார்க்கிறேன், முடியல. அவர் ஏத்திட்டாரா? பெரும்பாலும் இப்படித் தானா வந்து விழறது அவங்க நாக்கே பழகின சொல்தான். வருஷக்கணக்கா சொல்லியிருப்பாங்க."

ஹேசல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நயோமி போனதும் ஹேசல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீங்க கத்துக்கொடுக்கல. அப்படித்தானே?"

ட்ரெவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சர்ச் கமிட்டி கூட்டம் முடிஞ்சு வந்து வேலியோரம் நிப்பாங்க. என்ன முடிவாச்சுன்னு கேட்பேன். அதுக்கு இதுதான் பதில். சொல்லிட்டு அவங்களே விழுந்து விழுந்து சிரிப்பாங்க. வேற யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? நான் பேசின பேச்சுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"எனக்குக் கெட்ட வாயன்னு பேரு வந்து நாப்பது வருஷமாச்சு, கண்ணு. அதோடயே காலம் ஓடிருச்சு" என்றார் ட்ரெவர். "உங்கம்மாவுக்கு அந்த சர்ச்சை விட்டா போக வேற எடம் ஏது?"